குழி விழுந்த சாணைக்கல்லைச் சமன் செய்து பாதுகாக்கும் முறை

கத்தியை எவ்வளவு தீட்டினாலும் தக்காளித் தோலில் வழுக்குகிறதென்றால், முதலில் கல்லைப் பாருங்கள். நாம் பழக்கத்தில் கல்லின் நடுப்பகுதியிலேயே தேய்ப்பதால் அங்கே குழி விழுகிறது. அந்தக் குழியில் கத்தியின் சாய்வு ஒவ்வோர் இழுப்பிலும் மாறிவிடுவதால் கூர் நிலைப்பதில்லை. எஃகு அளவுகோல் ஒன்றை அதன் நீள விளிம்பு கல்லில் படுமாறு நிறுத்தி வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால், இடுக்கில் ஒளி கசிவதைக் கொண்டு குழியை அறியலாம்.

தண்ணீர் விட்டுத் தீட்டும் கல்லைச் சமன் செய்ய, தடித்த சமதளக் கண்ணாடித் துண்டு ஒன்றும், 120 அல்லது 220 எண்ணுள்ள வாட்டர் பேப்பரும் (நீரில் நனைத்துத் தேய்க்கும் உப்புத்தாள்) போதும். மும்பையில் இருப்பவர்களுக்கு நாக்தேவி தெருக் கருவிக் கடைகளில் இந்தத் தாள் எளிதாகக் கிடைக்கும். நீரை உறிஞ்சும் வகைக் கல்லாக இருந்தால், குமிழிகள் வருவது நிற்கும் வரை, ஏறத்தாழ 10 முதல் 15 நிமிடம், ஊற வையுங்கள். மேலே நீர் தெளித்தால் போதும் என்று பெட்டியில் குறிப்பிட்டிருக்கும் கற்களை ஊற வைக்கக் கூடாது.

கல்லின் முகம் முழுவதும் பென்சிலால் குறுக்கும் நெடுக்குமாகக் கட்டம் வரையுங்கள். கண்ணாடிக்கு அடியில் ஈரத்துணியை விரித்து, மேலே நனைத்த தாளை ஒட்ட வைத்து, கல்லைக் கவிழ்த்து, அழுத்தாமல் வட்டமாகத் தேயுங்கள். சிறிது நேரத்தில் எடுத்துப் பார்த்தால் ஓரக் கோடுகள் அழிந்து, நடுவில் மட்டும் கோடுகள் மிஞ்சியிருக்கும். அந்த மிச்சம்தான் குழியின் அளவு. அதுவும் அழியும் வரை தொடருங்கள். பொறுமையைக் கேட்கும் வேலைதான், ஆனால் இதைச் செய்த பிறகு தீட்டும்போது கைக்கே வேறுபாடு தெரியும்.

அடுத்து, நான்கு விளிம்புகளையும் தாளில் சாய்வாக இரண்டு மூன்று முறை இழுத்து மழுக்கிவிடுங்கள்; கூரான விளிம்பு எளிதில் சில்லாகப் பெயர்ந்துவிடும். பழைய பல் துலக்கியால் கல்லை நன்றாகக் கழுவுங்கள். தாளிலிருந்து உதிர்ந்த ஒரு பருமணல் கல்லில் தங்கினாலும் அடுத்த முறை கத்தியில் கீறல் விழும்.

உலர்த்துவதில்தான் மும்பைவாசிகள் கூடுதல் கவனம் செலுத்த வேண்டும். ஜூன் முதல் செப்டம்பர் வரையிலான மழைக்காலத்தில், மேற்புறம் காய்ந்ததுபோல் தோன்றும் கல்லின் உள்ளே ஈரம் நிற்கும். அதை பிளாஸ்டிக் டப்பாவில் மூடினால் பூஞ்சை பிடிக்கும்; இருபுறமும் வெவ்வேறு கல் ஒட்டிய வகையாக இருந்தால் ஒட்டுப் பகுதியே விட்டுப்போகலாம். எனவே கல்லைப் பக்கவாட்டில் நிறுத்தி, இரு முகங்களிலும் காற்றுப் படுமாறு, மின்விசிறியின் கீழ் இரண்டு மூன்று நாள் விட்டுவிடுங்கள். அவசரத்துக்கு வெயிலிலோ அடுப்பருகிலோ வைத்தால் வெடிப்பு விழும்.

எண்ணெய் விட்டுப் பழகிய கல்லுக்கு இந்த உலர்த்தும் கவலை இல்லை, ஆனால் அதில் நல்லெண்ணெயையோ கடலையெண்ணெயையோ ஊற்றாதீர்கள். அவை நாளடைவில் பிசினாக இறுகித் துளைகளை அடைத்துவிடும். தையல் இயந்திர எண்ணெய் ஏற்றது. ஏற்கெனவே அடைத்துக்கொண்ட கல்லை, சன்னலைத் திறந்து வைத்து, அடுப்பிலிருந்து விலகி, டர்பன்டைன் தொட்ட பிரஷால் தேய்த்துத் துணியால் துடையுங்கள்.