மனசு கனத்துக் கிடக்கும்போது பாட்டை எந்த வரிசையில் கேட்பது?

அப்பா போன பிறகு அம்மா பேச்சையே குறைத்துக்கொண்டார். வந்தவர்கள் எல்லாம் "நல்ல கலகலப்பான பாட்டா போட்டு விடு, மனசு மாறும்" என்றார்கள். நானும் போட்டேன். இரண்டாவது பாட்டிலேயே எழுந்து அடுக்களைக்குப் போய்விட்டார். துஷ்டி வீட்டில் கோயில் கொடை மேளம் அடித்தால் யாருக்குத்தான் தாங்கும்?

இசை சிகிச்சையில் இதற்கு ஐசோ முறை என்று ஒன்று இருக்கிறது, 1940களில் ஐரா ஆல்ட்ஷூலர் என்ற அமெரிக்க மனநல மருத்துவர் சொன்னது. மனசு இப்போது எப்படி இருக்கிறதோ அதே மாதிரியான பாட்டில் தொடங்கி, அங்கிருந்து மெல்ல மெல்ல நகர வேண்டும். அவ்வளவுதான்.

ஆறு பாட்டு எடுங்கள், அரை மணி நேரம் போதும். துக்கமாக இருந்தால் முதல் இரண்டும் துக்கமான பாட்டாகவே இருக்கட்டும், அழுகை வந்தால் வரட்டும். அடுத்த இரண்டில் வேகம் அதேதான், ஆனால் வரிகளில் கொஞ்சம் ஆறுதல் இருக்க வேண்டும். கடைசி இரண்டு, நீங்கள் எந்த மனநிலைக்குப் போக நினைக்கிறீர்களோ அதற்கு. படபடப்பும் கோபமும் என்றால் இதைத் திருப்பிப் போடுங்கள்: நையாண்டி மேளம் மாதிரி வேகமானதில் தொடங்கி, நிதானமான நாதஸ்வரத்தில் வந்து இறங்குங்கள். தாளத்தைத் தட்டிப் பாருங்கள், 15 விநாடிக்கு 15 முதல் 20 தட்டு வந்தால் அது நிதானமான பாட்டு.

கேட்பதோடு நிறுத்தாதீர்கள். வில்லுப்பாட்டில் புலவர் ஒரு வரி சொன்னதும் பக்கத்தில் இருப்பவர்கள் "ஆமா" போடுவார்களே, அப்படி நீங்களும் பாட்டோடு சேர்ந்துகொள்ளுங்கள், குரல் நன்றாக இல்லாவிட்டாலும் பரவாயில்லை. வாயை மூடி 'ம்ம்ம்' என்று முனகினாலே மூச்சு நீளமாக வெளியேறும், உடம்பு தளர்வது தெரியும். சாயங்காலம் தாமிரபரணிக் கரையில் குறுக்குத்துறைப் படித்துறையில் உட்கார்ந்து செய்தால் எனக்கு இன்னும் நன்றாக இருக்கிறது, ஹெட்போன் வேண்டாம், ஆற்றுச் சத்தமும் கூட வரட்டும்.

ஒரு பாட்டு பழைய காயத்தைக் கிளறினால் உடனே நிறுத்திவிடுங்கள். ராத்திரி முழுக்க ஒரே சோகப் பாட்டைத் திரும்பத் திரும்பக் கேட்பதும் வேண்டாம், அது இன்னும் உள்ளே இழுக்கும். மருத்துவர் தந்த மாத்திரையை இதை நம்பி விட்டுவிடாதீர்கள். இரண்டு வாரமாகத் தூக்கமில்லை, சாப்பாடு இறங்கவில்லை என்றாலோ, உயிரோடு இருக்கவே பிடிக்கவில்லை என்றாலோ பாட்டை ஓரமாக வைத்துவிட்டு 14416க்குக் கூப்பிடுங்கள், அரசின் டெலி மானஸ் மனநல உதவி எண், கட்டணமில்லை, தமிழிலேயே பேசலாம்.

அம்மாவுக்கு முதலில் ஒப்பாரிதான் போட்டேன். அன்று எழுந்து போகவில்லை.