அட்டையின் தலையில் வினைச்சொல்லை எழுதுங்கள்

முப்பத்தொரு ஆண்டுகள் நூலகத்தில் பட்டியல் அட்டை எழுதியவள் நான். ஓய்வு பெற்ற பிறகும் கை சும்மா இருக்கவில்லை. மேற்கு மாம்பலம் வீட்டில் ஒரு செருப்புப் பெட்டி வைத்துக்கொண்டு, உலகப் பிரச்சினைகளை மனிதர்கள் என்னென்ன வழிகளில் சமாளித்திருக்கிறார்கள் என்று அட்டை போட்டுவருகிறேன். நானூறைத் தாண்டிவிட்டது. நீங்களும் தொடங்குவதாக இருந்தால், எனக்கு வீணான முதல் ஓராண்டு உங்களுக்கு மிச்சமாகட்டும்.

முதலில் பிரச்சினையின் பெயரில்தான் அடுக்கினேன். தண்ணீர், பட்டினி, தொற்றுநோய், ஓசோன். பார்க்க அழகாக இருந்தது. ஒரு நாள் என் அக்காவின் பேத்தி வந்து, "ஓசோனுக்குச் செய்ததைப் போல வேறு எதற்காவது செய்திருக்கிறார்களா, பாட்டி?" என்று கேட்டாள். ஓசோன் அட்டையை எடுத்துக் கொடுத்தேன். அதற்கு மேல் பெட்டிக்குச் சொல்லத் தெரியவில்லை.

அன்றிரவுதான் ரங்கநாதனை நினைத்துக்கொண்டேன். 1924இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகராகச் சேர்ந்து, 1933இல் நூல்களை வகைப்படுத்தும் கோலன் பகுப்பு முறையை வெளியிட்டவர். லண்டன் கடையொன்றில் மெக்கானோ என்ற பொம்மையைப் பார்த்து அவருக்கு அந்த யோசனை வந்ததாகச் சொல்வார்கள்: சில துண்டுகள், சேர்ப்பதற்குத் தகுந்தபடி எத்தனையோ உருவங்கள். எந்தப் பொருளையும் அவர் ஆளுமை, பொருள், ஆற்றல், இடம், காலம் என்று ஐந்தாகப் பிரித்தார். நமது வேலைக்கு இதை எளிமையாக்கிக்கொள்ளலாம்: யார், எதைக் கொண்டு, என்ன செய்தார்கள், எங்கே, எப்போது. இதில் "என்ன செய்தார்கள்" என்பதே அட்டையின் தலைப்பு. அது வினையாக இருக்க வேண்டும்: தடைசெய்தல், தேடுதல், சேமித்தல், பங்கிடுதல், வாக்குக் கொடுத்தல்.

வினையைச் சரியாகப் பிடிப்பதில்தான் சிரமம். பெரியம்மை ஒழிந்ததற்குப் புதிதாகத் தொடங்குபவர் எல்லோரும் "தடுப்பூசி" என்று எழுதுவார்கள். அது கருவி, வினை அல்ல. கிண்டி கிங் நிலையத்தில் அம்மைப்பால் என்ற தடுப்பு மருந்தைத் தயாரித்துப் பல பத்தாண்டுகள் போட்டுக்கொண்டேதான் இருந்தோம், நோய் போகவில்லை. 1967க்குப் பிறகு வழி மாறியது. நோயாளியைத் தேடிப் பிடித்து, அவரைச் சுற்றியிருப்பவர்களுக்கு முதலில் ஊசி போட்டார்கள். தகவல் சொன்னவருக்குப் பரிசும் கொடுத்தார்கள். இந்தியாவில் 1975இலும், சோமாலியாவில் 1977இலும் சங்கிலி அறுந்தது. ஆகவே தலைப்பு: தேடிச் சுற்றிவளைத்தல். "தடுப்பூசி" என்று ஓர் அட்டை போட்டு, "காண்க" என்று அங்கே அனுப்பிவிடுங்கள்.

பெயரை நம்பியும் ஏமாறக் கூடாது. ஓசோனுக்கான மாண்ட்ரியால் உடன்பாடும் பருவநிலைக்கான பாரிஸ் உடன்பாடும் ஒரே அட்டையில் நிற்காது. 1987இன் மாண்ட்ரியால் தடைசெய்தல்: இன்ன வேதிப்பொருளை இன்ன ஆண்டுக்குள் நிறுத்து, சேராத நாட்டோடு அதில் வணிகம் இல்லை, பின்னால் ஏழை நாடுகள் மாறிக்கொள்ள ஒரு நிதியும். 2015இன் பாரிஸில் ஒவ்வொரு நாடும் தன் இலக்கைத் தானே சொல்கிறது. அது வாக்குக் கொடுத்தல்.

இப்படி அடுக்கினால் எதிர்பாராத அண்டைவீட்டார் அமைவார்கள். என் பெட்டியில் "சேமித்தல்" என்பதன் கீழே, நார்வேயின் வடதுருவத் தீவில் 2008இல் திறந்த ஸ்வால்பார் விதைக் கிடங்கும் நம் ஊர் மழைநீர்ச் சேகரிப்பும் ஒட்டி நிற்கின்றன. சிரியப் போரில் அலெப்போ விதை வங்கி முடங்கியபோது, 2015இல் கிடங்கிலிருந்து விதைகளைத் திரும்ப எடுத்தார்கள். சேமித்தது பயன்பட்டது என்று அந்த அட்டையில் துணிந்து எழுதலாம்.

பக்கத்து அட்டைதான் எனக்கு ஆறாவது வரியைக் கற்றுக்கொடுத்தது. 2003இல் எல்லாக் கட்டடங்களுக்கும் மழைநீர்ச் சேகரிப்பு கட்டாயமானது. எங்கள் குடியிருப்பிலும் மொட்டைமாடியிலிருந்து பளபளப்பான குழாய் இறங்கியது. 2019 ஜூலையில், ஜோலார்பேட்டையிலிருந்து ஐம்பது வேகன் ரயிலில் 25 லட்சம் லிட்டர் தண்ணீர் வில்லிவாக்கம் வந்த அதே மாதம், எங்கள் கிணறு வறண்டதென்று ஆள் வைத்துத் தோண்டினோம். குழாய் இரண்டடி ஆழம் போய் ஒரு சிமெண்டுக் கட்டியில் முட்டி நின்றது. குழி இல்லை, கூழாங்கல் இல்லை, மணல் இல்லை. கட்டியவரும் பார்க்கவில்லை, வரி கட்டிய நாங்களும் குனிந்து பார்க்கவில்லை.

அதனால் ஒவ்வோர் அட்டையிலும் ஐந்துக்குக் கீழே "சரிபார்த்தவர்" என்று ஒரு வரி விடுங்கள். காசநோய் அட்டை இதற்கு நல்ல பாடம். 1956இல் சென்னை சேத்துப்பட்டில் தொடங்கிய காசநோய் மையம், நோயாளிகளில் பாதிப் பேருக்கு மருத்துவமனையிலும் பாதிப் பேருக்கு அவரவர் வீட்டிலும் ஓராண்டு மருந்து கொடுத்தது. வீட்டுச் சிகிச்சையும் ஏறக்குறைய அதே பலனைத் தந்தது என்று 1959இல் முடிவு வந்து, பல நாடுகளின் வழக்கம் மாறியது. "வீட்டில் வைத்து மருந்து கொடுத்தல்" என்று மட்டும் எழுதினால் பாதிக் கதைதான். சொல்லாமல் வீட்டுக்குப் போய் மாத்திரை எண்ணினார்கள், சிறுநீரைச் சோதித்தார்கள். அதையும் எழுதுங்கள்.

தலைப்பைப் பென்சிலில் எழுதுவது நல்லது. பாதி அட்டைகளுக்கு வினை மாறும். எங்கள் குழாய் அட்டையை மட்டும் மையில் எழுதிவிட்டேன். சரிபார்த்தவர்: நான், பதினாறு ஆண்டு தாமதமாக.