ஆன்லைன் வகுப்பிலும் வீடியோ காலிலும் வீட்டு விஷயம் வெளியே போகாமல் இருக்க

பிள்ளையின் ஆன்லைன் வகுப்பு பல வீடுகளில் அம்மாவின் போனிலோ அப்பாவின் போனிலோதான் நடக்கிறது. வங்கி ஆப், ஜிபே, குடும்ப வாட்ஸ்அப் குழு எல்லாம் அதே போனில்தான். எனவே போனிலிருந்தே தொடங்குவோம்.

பெயரும் கணக்கும்

ஜூமில் லாகின் செய்யாமல் லிங்க்கைத் தட்டினால், பெயர்க் கட்டத்தில் பெரும்பாலும் போனின் மாடல் பெயரோ, முன்பு யாரோ போட்ட பெயரோ தானாக வந்து நிற்கும். அதை அழித்துவிட்டுப் பிள்ளையின் பெயரையும் வகுப்பு வரிசை எண்ணையும் மட்டும் போடுங்கள். உள்ளே போன பிறகும், ஆசிரியர் தடுக்காத வரை, பங்கேற்பாளர் பட்டியலில் 'ரினேம்' கொடுத்து மாற்றலாம். கூகுள் மீட்டில் அந்த வசதி இல்லை. லாகின் செய்திருக்கும் கணக்கின் பெயரும் படமும் அப்படியே எல்லோருக்கும் தெரியும். பள்ளி தந்த கணக்கு இருந்தால் அதிலேயே நுழையுங்கள். இல்லையென்றால் வகுப்புக்கென்று படமில்லாத தனிக் கணக்கு ஒன்று தொடங்குங்கள்.

ஜூம் செட்டிங்ஸில் சேரும்போதே மைக்கும் வீடியோவும் அணைந்திருக்கும்படி வைக்க முடியும். அணைத்து வைக்கும் அந்த இரண்டு தேர்வுகளையும் ஆன் செய்துவிட்டால், நுழைந்த முதல் சில நொடிகளில் வீட்டுப் பேச்சு வகுப்புக்குக் கேட்காது.

முதுகுக்குப் பின்னால் என்ன இருக்கிறது

வெறும் சுவரை ஒட்டி உட்காருவதுதான் நல்ல வழி. பின்னணியை மங்கலாக்கும் 'பிளர்' இரண்டாம்பட்சம். வேகமாகத் திரும்பினாலோ நாற்காலி நகர்ந்தாலோ ஓரங்கள் கிழிந்து பின்னால் இருப்பது தெரியும், பழைய போன்களில் அந்த வசதியே வராது.

கேமராவைத் திறந்து, உள்ளே நுழையுமுன் ஒருமுறை பாருங்கள். பலர் கவனிக்காமல் விடுவது சுவரில் தொங்கும் தினசரி காலண்டர். அட்டையில் மளிகைக் கடையின் பெயர், தெரு, போன் நம்பர் எல்லாம் பெரிய எழுத்தில் இருக்கும். வீடு எந்தப் பகுதி என்பதை அது ஒன்றே சொல்லிவிடும். பள்ளி அடையாள அட்டை, சான்றிதழ், ஜன்னல் வழியே தெரியும் கடைப் பலகை, குளியலறைக் கதவு எதுவும் கேமராவில் தெரியக்கூடாது.

லேப்டாப் கேமராவை மூட ஒட்டுத்தாளே போதும். தடித்த பிளாஸ்டிக் மூடி வேண்டாம். அதை மாட்டியபடி மேக்புக்கை மூடினால் திரை உடையலாம் என்று ஆப்பிள் 2020-ல் எச்சரித்தது.

ஸ்கிரீன் ஷேர்: அதிகம் கசியும் இடம்

போனில் 'ஸ்கிரீன்' என்று கொடுத்து ஷேர் செய்தால் திரையில் வரும் எல்லாமே போகும். வீட்டுப்பாடத்தைக் காட்டிக்கொண்டிருக்கும்போது மேலிருந்து வங்கியின் எஸ்எம்எஸ் இறங்கும், அதில் ஓடிபியும் கணக்கின் கடைசி எண்களும் இருக்கும். நாற்பது பேர் பார்க்க இரண்டு நொடி போதும்.

அதனால் முழுத் திரையை ஷேர் செய்யும் பழக்கத்தையே விடுங்கள். ஜூம் மொபைல் ஆப்பில் ஷேர் பொத்தானைத் தட்டினால் போட்டோ, டாக்குமெண்ட் என்று தனித்தனித் தேர்வுகள் வரும். அதில் தேர்ந்தெடுக்கும் கோப்பு மட்டுமே மற்றவர்களுக்குப் போகும். கம்ப்யூட்டரில் ஒரு விண்டோவை மட்டும் ஷேர் செய்யுங்கள். குரோமில் மீட் என்றால் ஒரு டேபை மட்டும்.

முழுத் திரைதான் வேண்டும் என்றால் காட்ட வேண்டிய கோப்பை முன்கூட்டியே திறந்து வையுங்கள். ஷேர் தொடங்கிய பிறகு கேலரிக்குள் தேடினால் குடும்பப் படங்கள் எல்லாம் வரிசையாகத் தெரியும். 'டூ நாட் டிஸ்டர்ப்' போட்டதும் நிம்மதியாகிவிடாதீர்கள். பல ஆண்ட்ராய்டு போன்களில் அது சத்தத்தை மட்டுமே நிறுத்தும். அதன் செட்டிங்ஸுக்குள் போய், அறிவிப்புகள் கண்ணுக்கும் தெரியாதபடி மறைக்கும் தேர்வையும் ஆன் செய்ய வேண்டும்.

லிங்க்கும் ஸ்கிரீன்ஷாட்டும்

வகுப்பு லிங்க்கை ஸ்டேட்டஸில் போடாதீர்கள். வகுப்பின் ஸ்கிரீன்ஷாட்டும் ஆபத்துதான், அதில் மற்றப் பிள்ளைகளின் முகமும் பெயரும் இருக்கும், சில சமயம் வகுப்புக்குள் நுழைய உதவும் எண்ணான மீட்டிங் ஐடியும். 2020 மார்ச் 31 அன்று பிரிட்டன் பிரதமர் போரிஸ் ஜான்சன் ட்விட்டரில் போட்ட அமைச்சரவைக் கூட்டப் படத்தில் ஜூம் ஐடி அப்படியே தெரிந்தது.

வீட்டுப்பாடத்தைப் படமெடுத்து அனுப்பும்போது கேமராவின் லொக்கேஷன் டேக்கை அணைத்துவிடுங்கள். வாட்ஸ்அப்பில் சாதாரணப் படமாக அனுப்பினால் இடத் தகவல் நீங்கிவிடும். டாக்குமெண்டாகவோ மெயிலிலோ அனுப்பினால் கூடவே போகும். இடத்தைப் படத்தின் மேலேயே அச்சடிக்கும் ஜிபிஎஸ் கேமரா ஆப்களில் எப்படி அனுப்பினாலும் தப்ப முடியாது.

ஆசிரியர்களுக்கு

ஜூமின் நிரந்தர பர்சனல் மீட்டிங் ஐடியில் வகுப்பு எடுக்காதீர்கள். ஒருமுறை வெளியே போனால் அடுத்த வகுப்புக்கும் அதே எண்தான். ஒவ்வொரு வகுப்புக்கும் புது ஐடி, பாஸ்கோடு, வெயிட்டிங் ரூம் வையுங்கள், ஸ்கிரீன் ஷேர் ஹோஸ்டுக்கு மட்டும். எல்லோரும் வந்ததும் மீட்டிங்கைப் பூட்டுங்கள். அந்நியர் நுழைந்து ஆபாசமாக எதையாவது காட்டினால் ஒவ்வொருவராகத் தேடி நேரத்தை வீணாக்க வேண்டாம். 'ஹோஸ்ட் டூல்ஸ்' பொத்தானுக்குள் (பழைய பதிப்புகளில் 'செக்யூரிட்டி') எல்லாருடைய வீடியோ, மைக், சாட், ஷேரையும் ஒரே தட்டில் நிறுத்தும் தேர்வு இருக்கிறது. மீட்டில் ஹோஸ்ட் கட்டுப்பாடுகளைத் திறந்து, அனுமதி கேட்டே நுழையும்படி மாற்றுங்கள்.

ஜூமும் மீட்டும் தாங்கள் ரெக்கார்டு செய்யும்போது அறிவிக்கும். போனின் சொந்த ஸ்கிரீன் ரெக்கார்டரோ, எதிரே வைத்த இன்னொரு போனோ அறிவிக்காது. பிள்ளைகளிடம் இதைப் பயமுறுத்தாமல், ஆனால் நேராகச் சொல்லிவிடுங்கள்.

முடிந்த பிறகு

ஹோம் பொத்தானைத் தட்டினால் கால் முடியாது, பின்னணியில் ஓடிக்கொண்டே இருக்கும். 'லீவ்' கொடுத்தே வெளியேற வேண்டும். ஆண்ட்ராய்டு 12 முதல், கேமராவோ மைக்கோ ஓடினால் மேல் மூலையில் பச்சை அடையாளம் தெரியும். அது மறைந்துவிட்டதா என்று பாருங்கள்.

தெரியாத வீடியோ கால்

வாட்ஸ்அப் பிரைவசி செட்டிங்ஸில் தெரியாத எண்களின் அழைப்பை ஒலிக்காமல் செய்யும் தேர்வு உண்டு. அதை ஆன் செய்துவிடுங்கள். அதே இடத்தில் அட்வான்ஸ்டுக்குள், கால்களில் ஐபி முகவரியை (உங்கள் இணைய இணைப்பின் அடையாள எண்) மறைக்கும் தேர்வும் இருக்கிறது. கால் தரம் சற்றுக் குறையலாம், பரவாயில்லை.

போலீஸ் சீருடையில் ஒருவர் வீடியோ காலில் வந்து 'டிஜிட்டல் அரெஸ்ட்' என்றால் உடனே துண்டியுங்கள். இந்தியச் சட்டத்தில் அப்படி ஒரு கைது கிடையாது. ஸ்கிரீன் ஷேர் கேட்கும் 'பேங்க் அதிகாரி'க்கும் அதுவேதான் பதில். பணம் போய்விட்டால் தாமதிக்காமல் 1930-க்கு அழையுங்கள். குழந்தையை யாராவது மிரட்டினால் 1098. எதிராளியின் எண், சாட், பணம் போன விவரம் எதையும் அழித்துவிடாதீர்கள், புகாருக்கு அவைதான் ஆதாரம்.