புது ரோலர் கோஸ்டர் வருதா? திறக்கற வரைக்கும் எப்படி காத்திருக்கறது

தீம் பார்க்குக்காரங்க ஒரு டீசர் விடுவாங்க, இருட்டுல ஏதோ ஒரு ட்ராக் பளிச்சுனு மின்னும், கீழ "விரைவில்"னு போட்டிருக்கும், அவ்ளோதான், அன்னிக்கே லீவு சொல்லி டிக்கெட் போட ஒரு கூட்டம் கெளம்பிடும். தயவுசெஞ்சு அதப் பண்ணாதீங்க. புது ரைடு விஷயத்துல சொல்ற தேதிய நம்பாதீங்க, தரையில நடக்கற வேலைய மட்டும் நம்புங்க.

மொதல்ல யாரு செய்றாங்கன்னு தேடுங்க. பேரு, தீம், கதையெல்லாம் மேல்பூச்சு, கம்பெனி தெரிஞ்சா ரைடோட குணம் பாதி தெரிஞ்சிடும். ஸ்விட்சர்லாந்து பி அண்ட் எம்னா பொதுவா அலுங்காம குலுங்காம போகும், மேட்டுல ஏறி எறங்கும்போது மெதுவா மிதக்க விடும். அதே நாட்டுல ஆரம்பிச்ச இன்டமின் கொஞ்சம் முரடு, ரெக்கார்டு ஒடைக்கறதுல ஆசை ஜாஸ்தி. அமெரிக்காவோட ஆர்எம்சி பழைய மரக் கோஸ்டர்கள எடுத்து இரும்பு ட்ராக் போட்டு தலைகீழா சுத்த விடற ஆளுங்க, சீட்ட விட்டு தூக்கி தூக்கி அடிக்கும். அமெரிக்காவுல செடார் பாயின்ட் பார்க்குல 2018ல திறந்த ஸ்டீல் வெஞ்சன்ஸ் அப்படி வந்ததுதான்.

உயரம், வேகம்னு நம்பர பாத்து மயங்கவும் வேணாம். அமெரிக்காவுல இருந்த கிங்டா கா கோஸ்டர் 139 மீட்டர் உயரம், 206 கிலோமீட்டர் வேகம், ஆனா மொத்த ஓட்டமும் ஒரு நிமிஷம் கூட இல்ல, ஏறி எறங்கினா முடிஞ்சுது (2024ல மூடிட்டாங்க, 2025ல வெடி வெச்சு இடிச்சும் தள்ளிட்டாங்க, பாவம்). அதுல பாதி உயரம் கூட இல்லாத ஸ்டீல் வெஞ்சன்ஸுக்கு உயிர விடற ரசிகர்கள் எக்கச்சக்கம். அதனால லேஅவுட் வெளிய வந்தா எத்தன மேடு இருக்கு, எங்க வேகம் செத்துப் போகும்னு பாருங்க.

அடுத்தது வேலைய படிக்கறது. எனக்கு இதுதான் காத்திருக்கறதுலயே ருசியான பகுதி. அறிவிப்புக்கு முன்னாடியே பேப்பர் பேசும். இங்கிலாந்துல பார்க்கு உள்ளூர் கவுன்சில்ல அனுமதி கேட்கணும், அந்த ஃபைல் பொதுவுல இருக்கும், தார்ப் பார்க்கோட ஹைப்பீரியாவுக்கு பேரு வைக்கறதுக்கு முன்னாடியே வரைபடம் ரசிகர்கள் கையில இருந்துச்சு. அமெரிக்காவுல ரொம்ப ஒசரமா கட்டினா விமானத்துறைக்கு சொல்லணும், அதுலயும் துப்பு கெடைக்கும். "என் ஃப்ரெண்டோட ஃப்ரெண்டு அங்க வேல பாக்கறான்" கதைய விட இது எவ்வளவோ மேல். அப்புறம் மண்ண தோண்டி கான்க்ரீட் அடித்தளம் போடுவாங்க, ட்ராக் துண்டு துண்டா லாரியில பெயின்ட் அடிச்சே வந்து எறங்கும், தூண் நிக்கும், ஒருநாள் உச்சித் துண்ட மாட்டுவாங்க. அன்னிக்கு எல்லாரும் குதிப்பாங்க, ஆனா வயரிங், சென்சார், ப்ரேக், ஸ்டேஷன்னு இன்னும் எவ்வளவோ வேல பாக்கி இருக்கும். ஃபோட்டோ எடுங்க, வேலிக்கு வெளிய நின்னு எடுங்க, ஏறிக் குதிக்கறது, ட்ரோன் விடறதெல்லாம் வேணாம்.

டெஸ்ட் ஓட்டம் ஆரம்பிச்சா காலி ட்ரெயின் போகும், அப்புறம் சீட்டுல தண்ணி ரொப்பின பொம்மைய உக்கார வெப்பாங்க. சில சமயம் ட்ரெயின் மேடு ஏற முடியாம ரெண்டு மேட்டுக்கு நடுவுல பள்ளத்துல நின்னுடும், உடனே "போச்சு, டிசைனே தப்பு"னு கெளம்புவாங்க. பதறாதீங்க, இதெல்லாம் கண்டுபிடிக்கத்தான் டெஸ்ட்டே. புது சக்கரம், குளிர், எதிர்க்காத்து எல்லாம் சேந்தா மெதுவாத்தான் ஓடும். லாஞ்ச் ரைடு, அதாவது ஆரம்பத்துலயே வேகமா உந்தித் தள்ளி விடற வகை, உச்சிய தாண்டாம பின்னாடியே வழுக்கி வந்தாலும் அதப் புடிச்சு நிறுத்த ட்ராக்லயே ப்ரேக் இருக்கு.

இப்ப எப்ப போறது? வருஷ பாஸ் வெச்சிருக்கீங்க, பக்கத்துலயே இருக்கீங்கன்னா அடிக்கடி எட்டிப் பாருங்க, சொல்லாம கொள்ளாம சோதனைக்கு திறந்து விடறதும் உண்டு. தூரத்துல இருந்து செலவு பண்ணி வர்றவங்க திறப்பு நாளுக்கு வராதீங்க. அதே செடார் பாயின்ட்டோட டாப் த்ரில் 2 கோஸ்டர் ஞாபகம் இருக்கா, 2024 மே மாசம் திறந்து சுமார் ஒரு வாரத்துல மூடினது, அந்த சீசன் பூரா திறக்கவே இல்ல, அடுத்த வருஷம்தான் ஓடுச்சு. அதுக்குன்னே கடல் தாண்டி டிக்கெட் போட்டிருந்தவங்க நெலமைய யோசிச்சுப் பாருங்க. அப்படியே வந்தாலும், அது ஓடலன்னா கூட திருப்தியா இருக்கற அளவுக்கு வேற ரைடு உள்ள பார்க்கான்னு பாத்துட்டு வாங்க.

அப்புறம் அந்த வீடியோ விஷயம். முன் சீட்டுல கேமரா மாட்டி எடுத்தத பாக்காதீங்கன்னுதான் நான் சொல்லுவேன். வெளிய நின்னு எடுத்தத எவ்ளோ வேணா பாருங்க, ஆனா எந்த திருப்பத்துக்கு அப்புறம் என்ன வரும்னு தெரியாம போற மொத ரைடு ஒரே ஒரு தடவதான் கெடைக்கும்.

போற அன்னிக்கு பெருசா ஒண்ணும் இல்ல, உயர அளவு, உடம்பு சம்பந்தமான விதி ரெண்டையும் முன்னாடியே படிச்சிடுங்க, கொழந்தைங்கள க்யூ முனை வரைக்கும் கூட்டிட்டுப் போய் அழ வைக்காதீங்க. ஃபோனுக்கு ஜிப் வெச்ச பாக்கெட் இருந்தா நல்லது, சில ரைடுல ஃபோனே விட மாட்டாங்க. கேட் திறந்ததும் நேரா அங்க போங்க, ஆனா முடிஞ்சா சாயந்தரமும் ஒரு ரவுண்டு போங்க, பகல் பூரா ஓடி சக்கரம் சூடானதுல வேகம் கூடியிருக்கும். மொத வரிசையில காத்தும் காட்சியும், கடைசி வரிசையில அந்த முதல் எறக்கத்துல இழுத்து வீசற வீச்சு. ஒண்ணுதான் கெடைக்கும்னா எனக்கு கடைசி.

நீங்க போன நேரம் பாத்து ரைடு நின்னு கெடந்தா மூஞ்சிய தூக்கி வெச்சுக்கிட்டு பார்க்கோட அந்தக் கோடிக்கு போயிடாதீங்க. ட்ராக் தெரியற எடத்துல உக்காந்து எதையாவது கொறிங்க, காலி ட்ரெயின் திரும்பத் திரும்ப சுத்த ஆரம்பிச்சா பெரும்பாலும் சீக்கிரம் திறப்பாங்க, அப்ப மெதுவா எழுந்து க்யூ வாசல் பக்கம் நகர ஆரம்பிங்க.