விதைத்த மாதத்தை மட்டும் பார்த்துப் பாசனக் கணக்குப் போடாதீர்கள்

மக்காச்சோளத்துக்கு நான் முதலில் போட்ட கணக்கு, நூல் விடும் (கதிர் நுனியில் பட்டுநூல் வெளிவரும்) பருவத்தில் பொய்த்துப்போனது. காலை பத்து மணிக்கே இலைகள் குழல்போலச் சுருண்டன. தண்ணீர் விடாமல் இல்லை. விதைத்த மாதத்துக்கான அளவையே விட்டுக்கொண்டிருந்தேன். பயிர் வளர்வதற்குள் கோடை வந்துவிட்டது.

படி 1: விதைக்கும் நாளிலிருந்து பருவங்களை நாட்காட்டியில் குறியுங்கள். 125 நாள் மக்காச்சோளம் என்றால் தொடக்கம் 20, வளர்ச்சி 35, பூத்து மணி பிடிப்பது 40, முற்றுவது 30 நாள். குளிரில் விதைத்தால் தொடக்கம் இழுக்கும்.

படி 2: ஒவ்வொரு பருவம் விழும் மாதத்துக்கும், புல்தரை ஒரு நாளில் இழக்கும் நீரளவைத் தனித்தனியாக எடுங்கள். நான் தவறியது இங்கேதான். வெயில், வெப்பம், காற்றின் வேகம், ஈரப்பதம் நான்கும் சேர்ந்த எண் இது. வெப்பமானியை மட்டும் நம்பாதீர்கள். ஒரே வெப்பத்தில் வறண்ட காற்று வீசினால் பயிர் கூடுதலாகக் குடிக்கும்.

படி 3: அதைப் பயிர்க் குணகத்தால், அதாவது புல்தரையைப்போல் எத்தனை மடங்கு நீரை உங்கள் பயிர் அந்தப் பருவத்தில் குடிக்கும் என்ற எண்ணால், பெருக்குங்கள். மக்காச்சோளம் பூக்கும்போது குணகம் ஏறத்தாழ 1.2. புல்தரை அளவு 4 மி.மீ. உள்ள மாதத்தில் பூத்தால் நாளுக்கு 4.8 மி.மீ., 7 மி.மீ. உள்ள மாதத்தில் பூத்தால் 8.4 மி.மீ. சதுர மீட்டருக்கு 1 லிட்டர் விட்டால் அது 1 மி.மீ. ஆக, 10 சதுர மீட்டர் பாத்திக்கு ஒன்றில் 48 லிட்டர், மற்றதில் 84. அந்த 36 லிட்டர்தான் என் பயிருக்குக் கிடைக்காமல் போனது.

படி 4: சேதாரத்தைச் சேருங்கள். சொட்டுநீரில் 90 சதவீதம் வேருக்குப் போகிறது என்று வைத்தால், 84-ஐ 0.9-ஆல் வகுக்க 93 லிட்டர். வாய்க்கால் பாசனத்தில் இழப்பு இன்னும் அதிகம்.

இந்தக் கணக்கைப் போட்டுத்தரும், ஐ.நா. உணவு வேளாண் அமைப்பின் குராப்வாட் மென்பொருள் இலவசம்; குணகங்கள் அவர்கள் 1998-இல் வெளியிட்ட 56-ஆம் பாசன வெளியீட்டில் கிடைக்கும். ஆனால் புதியவர்கள் முதல் சாகுபடிக்கான கணக்கை நோட்டில் கையாலேயே போடுங்கள் என்பேன். எந்த எண் எதை ஏற்றுகிறது என்று அப்போதுதான் கண்ணில் படும்.

பின்சேர்க்கை: மழையை எப்படிக் கழிப்பது என்று பலர் கேட்டீர்கள். லேசான தூறலைக் கழிக்காதீர்கள். இலையிலும் மேல்மண்ணிலுமே காய்ந்துவிடும். கனமழையையும் முழுதாகக் கழிக்கக் கூடாது. வழிந்தோடியதும் வேருக்குக் கீழே இறங்கியதும் பயிருக்கு இல்லை. மறுநாள் ஒரு சாண் ஆழம் தோண்டி மண்ணைக் கையில் பிடித்துப் பாருங்கள். உருண்டையாக நின்றால் அன்றைய பாசனத்தை நிறுத்தலாம்; உதிர்ந்தால் தண்ணீரைத் திறந்துவிடுங்கள். மணல் பாங்கான நிலத்தில் உருண்டை பிடிக்காது, அங்கே ஈரம் விரலில் ஒட்டுகிறதா என்று பாருங்கள்.