24 மணி நேரத்துக்கு மேல் அலாரம் ஏற்காத கணினியைத் திங்கட்கிழமை காலையில் எழுப்புவது எப்படி?

அம்பத்தூர் தொழிற்பேட்டையில் இயங்கும் ஒரு சிறு அலுவலகத்தை எடுத்துக்கொள்வோம். வெள்ளிக்கிழமை மாலை 6.30 மணிக்குக் கடைசி ஊழியர் புறப்படுகிறார். அங்குள்ள லினக்ஸ் கணினி அப்போது உறக்கநிலைக்குச் சென்று, திங்கட்கிழமை காலை 6 மணிக்குத் தானாகவே விழித்து, ஊழியர்கள் வருவதற்குள் கணக்குக் கோப்புகளை நகலெடுத்து முடிக்க வேண்டும். இடைவெளி 59 மணி 30 நிமிடம், அதாவது 2,14,200 நொடிகள். இந்த எண்ணை அப்படியே அலாரமாகக் கொடுத்தால் சில கணினிகள் ஏற்றுக்கொள்கின்றன. வேறு சில, கொடுத்த மதிப்பு செல்லாது என்று பிழை காட்டி மறுக்கின்றன. மறுப்புக்குக் காரணம் கடிகாரச் சில்லிலேயே உள்ள ஒரு வரம்பு.

வரம்பு எங்கிருந்து வருகிறது?

கணினி உறங்கும்போது செயலி நின்றுவிடுகிறது. இயங்குதளத்தின் மையப் பகுதியான கெர்னலின் வழக்கமான டைமர்களும் அதனுடன் நின்றுவிடுகின்றன. நொடிக்கு 32,768 முறை அதிரும் ஒரு சிறு படிகத்தைத் துணையாகக் கொண்ட ஆர்டிசி எனப்படும் கடிகாரச் சில்லு மட்டும் ஓடிக்கொண்டிருக்கிறது. 1984-இல் வெளிவந்த ஐபிஎம் பிசி ஏடி கணினியில் இருந்த மோட்டோரோலா எம்சி146818 சில்லில், அலாரத்துக்கென நொடி, நிமிடம், மணி ஆகிய மூன்று பதிவகங்களே (மதிப்பைக் குறித்து வைக்கும் சிறு இடங்கள்) இருந்தன. அதனிடம் "காலை 6 மணி" என்று சொல்லலாம். "திங்கட்கிழமை" என்று சொல்ல இடமில்லை. இந்த வடிவமைப்பின் வழிவந்த சில்லுகளில் பின்னர் நாளுக்கும் மாதத்துக்கும் தனிப் பதிவகங்கள் சேர்ந்தன. ஆனால் எல்லாக் கணினிகளிலும் அவை இல்லை என்பதால், அலாரம் எட்டும் தூரம் ஒரு கணினியில் ஒரு நாள், இன்னொன்றில் ஒரு மாதம், வேறொன்றில் ஓர் ஆண்டு என்று மாறுகிறது. நேரத்தைக் குறித்து வைக்காமல் நொடிகளைக் கீழ்நோக்கி எண்ணும் சில்லுகளும் உண்டு. 16 பிட் எண்ணியில் 65,535 நொடிகளே அடங்கும். அது 18 மணி 12 நிமிடம் 15 நொடிதான்.

முதல் படி: உங்கள் கணினியின் வரம்பைக் கண்டறியுங்கள்

டெர்மினலைத் திறந்து, டிமெசேஜ் (dmesg) கட்டளையால் கெர்னல் செய்திகளை வரவழைத்து, அவற்றில் ஆர்டிசி சிமாஸ் (rtc_cmos) என்று தொடங்கும் வரிகளைத் தேடுங்கள். அலாரம் ஒரு நாள் வரையா, ஒரு மாதம் வரையா, ஓர் ஆண்டு வரையா என்பதை அவற்றுள் ஒரு வரி ஆங்கிலத்தில் தெளிவாகச் சொல்லும். ஒரு நாள் என்றிருந்தால் உண்மையான உச்சம் 86,399 நொடிகள். முழு 24 மணி நேரத்துக்கு ஒரு நொடி குறைவு.

இரண்டாம் படி: கடிகாரம் எந்த நேரத்தைக் காட்டுகிறது என்று பாருங்கள்

டைம்டேட்சிடிஎல் (timedatectl) கட்டளை, உள்ளூர் நேரம், உலகப் பொது நேரம் (UTC), ஆர்டிசி நேரம் ஆகிய மூன்றையும் அடுத்தடுத்துக் காட்டும். ஆர்டிசி நேரம் உலகப் பொது நேரத்துடன் ஒத்திருப்பதே நல்லது. விண்டோஸும் அதே கணினியில் இருந்தால் சில்லில் உள்ளூர் நேரம் எழுதப்பட்டிருக்கக்கூடும். அந்நிலையில் திங்கள் காலை 6 மணிக்கு உரிய பொது நேரத்தை அலாரம் நேரத்தைக் கெர்னலிடம் கொடுப்பதற்கான வேக்அலாரம் (wakealarm) கோப்பில் நேரடியாக எழுதினால், கணினி ஐந்தரை மணி நேரம் முன்னதாக, நள்ளிரவு கடந்து 12.30 மணிக்கே விழித்துக்கொள்ளும். (1802-இல் சென்னை வானாய்வகம் வகுத்த மெட்ராஸ் நேரம் கிரீன்விச்சைவிட 5 மணி 21 நிமிடம் 14 நொடி முன்னதாக இருந்தது. இன்று நாம் 5 மணி 30 நிமிடத்தோடு கணக்கை முடித்துக்கொள்ள முடிவது ஒரு வசதிதான்.)

மூன்றாம் படி: ஒரு நிமிடச் சோதனை

திறந்திருக்கும் கோப்புகளைச் சேமித்துவிட்டு, ரூட் எனப்படும் நிர்வாகி உரிமையுடன் ஆர்டிசிவேக் (rtcwake) கட்டளையை இயக்குங்கள். உறக்க வகைக்கு, நிலையை நினைவகத்தில் வைத்து உறங்குவதைக் குறிக்கும் மெம் (mem) என்றும், நொடிகளுக்கு 60 என்றும் கொடுங்கள். திரை அணைந்து ஒரு நிமிடத்தில் கணினி விழிக்க வேண்டும். விழிக்காவிட்டால், கணினி தொடங்கும்போது திறக்கக்கூடிய பயாஸ் அமைப்பில் ஆர்டிசி மூலம் எழும் வசதி முடக்கப்பட்டுள்ளதா என்று பாருங்கள். வேக்அலாரம் கோப்பில் நேரடியாக எழுதுபவர்கள், பழைய அலாரம் நிலுவையில் இருந்தால் முதலில் 0 எழுதி அதை நீக்க வேண்டும். நீக்காமல் எழுதினால் சாதனம் வேலையில் இருக்கிறது என்ற பிழை வரும்.

நான்காம் படி: நீண்ட உறக்கத்தைத் துண்டுகளாக்குங்கள்

இதுவே இந்த வேலையின் மையம். பின்வருவனவற்றை ஒரு சிறு நிரலாக எழுதிக்கொள்ளுங்கள். இலக்கு நேரத்தைப் பொது நேரக் கணக்கில், 1970 ஜனவரி 1 முதலான நொடிகளாக, ஒரு கோப்பில் ஒரே ஒரு முறை எழுதி வையுங்கள். மீதி எவ்வளவு என்பதை எங்கும் சேமிக்க வேண்டாம். ஒவ்வொரு விழிப்பிலும் இலக்கிலிருந்து இப்போதைய நேரத்தைக் கழித்துப் புதிதாகக் கணக்கிடுங்கள். மீதியைச் சேமித்தால், விழித்து மீண்டும் உறங்குவதற்குள் கழியும் நொடிகள் ஒவ்வொரு துண்டிலும் கணக்கில் விடுபட்டு, இலக்கு தள்ளிப்போய்க்கொண்டே இருக்கும். மீதி 82,800 நொடிகளுக்கு, அதாவது 23 மணி நேரத்துக்கு, மேல் இருந்தால் 23 மணி நேரத்துக்கு மட்டும் அலாரம் வையுங்கள். குறைவாக இருந்தால் மீதியையே வையுங்கள். ஒரு நிமிடத்துக்கும் குறைவாக இருந்தால் உறங்காமல் காத்திருங்கள். உச்ச வரம்பைத் தொடாமல் ஒரு மணி நேரம் விட்டுவைப்பது, நேரத் திருத்தம் போன்ற சிறு மாற்றங்களால் அலாரம் மறுக்கப்படாமல் இருப்பதற்காக.

நம் அலுவலகக் கணினி இவ்வாறு சனிக்கிழமை மாலை 5.30, ஞாயிற்றுக்கிழமை மாலை 4.30 ஆகிய நேரங்களில் சில நொடிகள் விழித்து மீண்டும் உறங்கி, அங்கிருந்து 13 மணி 30 நிமிடத்துக்குச் சற்றே குறைந்த கடைசி அலாரத்தில் திங்கள் காலை 6 மணிக்கு எழும்.

ஐந்தாம் படி: எழுப்பியது அலாரமா, ஆளா?

ஞாயிறு காலையில் யாரோ அலுவலகம் வந்து விசையை அழுத்தினால், நம் நிரல் கணினியை உடனே மீண்டும் உறங்கவைப்பது பெரும் தொல்லை. ஆகவே உறங்கும் முன் அந்தத் துண்டின் முடிவு நேரத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். விழித்த நேரம் அதற்கு ஒரு நிமிடத்துக்கும் மேல் முந்தையதாக இருந்தால், எழுப்பியது ஆள் என்று கொண்டு நிரல் ஒதுங்கிவிடட்டும்.

லினக்ஸில் சேவைகளை நிர்வகிக்கும் சிஸ்டம்டியின் (systemd) டைமர்களில் கணினியை எழுப்பும் அமைப்பைப் பயன்படுத்துவோருக்கு ஒரு தகவல். அங்கு உறக்கத்துக்கு முன் கெர்னலே ஆர்டிசி அலாரத்தை வைக்கிறது. அடுத்த டைமர் சில்லின் வரம்புக்கு அப்பால் இருந்தால், பழைய கெர்னல்களில் அலாரம் வைப்பது தோற்று, உறக்கமே ரத்தாகிவிடும். மூடிய மடிக்கணினி பைக்குள் விழித்தபடியே மின்கலத்தைத் தீர்த்துவிடும். இதற்காகவே 2023-இல், சாதன இயக்கி தன் அலாரம் எட்டும் தூரத்தைக் கெர்னலுக்குத் தெரிவிக்கும் வழி சேர்க்கப்பட்டது. அதைப் பயன்படுத்தும் புதிய கெர்னல்கள் வரம்பின் முடிவில் முன்கூட்டியே எழுப்புகின்றன. மீண்டும் உறங்கவைப்பது அப்போதும் நம் பொறுப்பே.

மேசைக் கணினியாக இருந்தால் வார இறுதியில் மின்தடை உண்டா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள். தாய்ப்பலகையின் சிறு மின்கலம் கடிகாரத்தை ஓட்டுமே தவிர, நினைவகத்தில் உள்ளதைக் காக்காது. யூபிஎஸ் தாங்கும் நேரத்துக்கு மேல் மின்சாரம் போனால் உறக்கநிலையும் நம் நிரலும் சேர்ந்தே போய்விடும்.

வெள்ளிக்கிழமைக்கு முன்பே முழுச் சங்கிலியையும் சோதித்துவிடுங்கள். துண்டின் அளவை 180 நொடிகளாகவும் இலக்கை 8 நிமிடம் கழித்தும் வைத்தால், மூன்று, மூன்று, இரண்டு நிமிடங்கள் என்று மூன்று உறக்கங்களையும் ஒரே அமர்வில் பார்த்துவிடலாம். பார்த்த பிறகு துண்டின் அளவை மறக்காமல் 82,800-க்கு மாற்றுங்கள்.