சரிம்பூன், கிராஞ்சி: ஜப்பானியர் கரையேறிய இடங்களைப் பார்க்கப் போகிறவர்கள் செய்யும் தவறுகள்

சிங்கப்பூரில் போர்க்கால இடங்களைப் பார்க்க ஆசைப்படுகிறவர்கள் வழக்கமாக செந்தோசாவில் இருக்கும் சிலோசோ கோட்டைக்குப் போவார்கள். பிறகு அப்பர் புக்கிட் தீமா சாலையிலுள்ள பழைய ஃபோர்டு ஆலைக்கு. நேரம் மிச்சமிருந்தால், "ஜப்பான்காரன் இறங்கின கடற்கரையையும் பார்த்துடலாம்" என்று வடமேற்குப் பக்கம் கிளம்புவார்கள். அங்கேயே முதல் தவறு தொடங்கிவிடுகிறது. அப்படி ஒரே ஒரு கடற்கரை கிடையாது.

1942 பிப்ரவரி 8 இரவு பத்தரை மணியளவில் ஜப்பானின் 5ஆம், 18ஆம் டிவிஷன் வீரர்களை ஏற்றிய படகுகள் சரிம்பூன் பகுதிக் கரையை நெருங்கின. அங்கே காவலில் இருந்தது ஆஸ்திரேலியாவின் 22ஆம் படைப்பிரிவு. மறுநாள் 9ஆம் தேதி இரவு, கிழக்கே கிராஞ்சி ஆற்றுக்கும் ஜோகூர் பாலத்துக்கும் இடையில் ஜப்பானிய அரச காவல் டிவிஷன் இறங்கியது. அங்கே எதிர்கொண்டது ஆஸ்திரேலியாவின் 27ஆம் படைப்பிரிவு. இடம், இரவு, இரு தரப்பிலும் படை எல்லாமே வேறு. முடிவுகூட வேறாகியிருக்கும், அதைக் கீழே சொல்கிறேன். இரண்டுக்கும் தனித்தனி நினைவுப் பலகைகள் உண்டு. கிராஞ்சி நீர்த்தேக்கப் பூங்காவில் இருக்கும் பலகையைப் படம் பிடித்து, "சரிம்பூனில் நான்" என்று போடுகிறவர்கள் குறைவில்லை.

இந்தப் பலகைகள் போர் முடிந்து ஐம்பது ஆண்டு ஆனதையொட்டி 1995இல் வைக்கப்பட்டவை. மொத்தம் பதினோரு இடங்கள். விரித்து வைத்த புத்தக வடிவத்தில் இருக்கும், தமிழிலும் படிக்கலாம். ஆனால் பலகை நிற்கும் இடத்தில்தான் எல்லாம் நடந்தது என்று எடுத்துக்கொள்வது தவறு. 22ஆம் படைப்பிரிவுக்கு ஒப்படைக்கப்பட்ட கரையின் நீளம் ஏறத்தாழ 16 கிலோமீட்டர். மூன்று பட்டாலியன்கள், கூடவே சீனத் தொண்டர்களின் டால்ஃபோர்ஸ் அணி ஒன்று. அலையாத்திக் காடும் ஓடை முகத்துவாரங்களும் நிறைந்த அவ்வளவு நீளத்தை இவ்வளவு பேரால் அடைத்து நிற்க முடியாது. முகாமுக்கும் முகாமுக்கும் நடுவே பெரிய இடைவெளிகள் இருந்தன. ஜப்பானியர் அந்த இடைவெளிகள் வழியாகத்தான் உள்ளே புகுந்தார்கள். தோல்விக்கான காரணத்தில் பாதி அந்த நீளத்தில் அடங்கியிருக்கிறது. பலகை முன்னால் இரண்டு நிமிடம் நின்றுவிட்டுத் திரும்பினால் அது பிடிபடாது. லிம் சூ காங் சாலையில் போகும்போதே வரைபடத்தைத் திறந்து, கரை எங்கே வளைகிறது, எத்தனை ஓடைகள் கடலில் கலக்கின்றன என்று பார்த்துக்கொண்டே போங்கள்.

வெள்ளை மணலை எதிர்பார்த்துப் போகிறவர்களும் ஏமாறுவார்கள். நார்மண்டிக் கரையின் படங்களைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு இது கடற்கரையாகவே தெரியாது. சேறு, அலையாத்தி வேர், பல இடங்களில் பாதுகாப்பு வேலி. கிராஞ்சியில் நிலமே மாறிவிட்டது. ஆற்றின் வாயில் அணை கட்டி 1975இல் அதை நன்னீர்த் தேக்கமாக்கிவிட்டார்கள். இப்போது கார்கள் ஓடும் அணைச் சாலை அன்று இல்லை. "இந்த ஏரியைத் தாண்டியா வந்தாங்க?" என்று கேட்பது இதனால்தான். அவர்கள் தாண்டியது அணைக்கு மறுபக்கம் தெரியும் நீரிணையை.

அந்த நீரிணையைக் கொஞ்ச நேரம் பார்க்க வேண்டும். சில இடங்களில் அகலம் ஒரு கிலோமீட்டர்கூட இல்லை. எதிரே தெரிவது ஜோகூர். அங்கே சுல்தானின் புக்கிட் செரீன் அரண்மனைக் கோபுரத்தில் ஏறி நின்றுதான் தளபதி யமாஷிதா இந்தக் கரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். சிங்கப்பூரைக் காத்த பிரிட்டிஷ் படைகளின் தளபதி பெர்சிவலோ தாக்குதல் வடகிழக்கிலிருந்து வரும் என்று கணித்திருந்தார். அந்தக் கணிப்பை உறுதிப்படுத்துவதற்காகவே 7ஆம் தேதி இரவு ஜப்பானியர் பூலாவ் உபின் தீவில் இறங்கிப் போக்குக் காட்டினார்கள். ஜோகூர் பாலத்தை ஜனவரி 31ஆம் தேதியே தகர்த்துவிட்டதால் ஓரளவு நிம்மதியும் இருந்தது. குறுகலான இந்த மேற்குப் பக்கத்தைப் பார்த்த பிறகு அந்த நிம்மதி வியப்பைத்தான் தருகிறது.

கூட வரும் உறவினருக்கு விளக்கம் சொல்லும்போது தவறாமல் வரும் கதை ஒன்று: "பிரிட்டிஷ்காரனோட பீரங்கியெல்லாம் கடலைப் பார்த்து இருந்துச்சு, திருப்பவே முடியல." இது உண்மையில்லை. பெரும்பாலான பெரிய பீரங்கிகளை நிலப்பக்கம் திருப்ப முடிந்தது, சுடவும் சுட்டார்கள். ஆனால் கையிருப்பில் இருந்த குண்டுகளில் பெரும்பகுதி போர்க்கப்பலின் இரும்புத் தகட்டைத் துளைப்பதற்கானவை. பரவி வரும் காலாட்படைமேல் அவை விழுந்தால் மண்ணில் புதைந்துபோகும், பெரிய பலன் இல்லை. அடுத்தது சைக்கிள் கதை. மலாயா முழுக்க ஜப்பானியர் சைக்கிளில் வந்தது உண்மை, நீரிணையைக் கடந்தது படகில். மூன்றாவது, "எண்ணிக்கையில அவங்கதான் அதிகம்" என்பது. தலைகீழ். சரணடைந்த படைதான் பெரியது, யமாஷிதாவிடம் இருந்தது அதில் பாதிகூட இல்லை.

சரிம்பூனில் நடந்ததைக் கோழைத்தனம் என்று ஒரே சொல்லில் முடிப்பதும் சரியில்லை. அன்று பகல் முழுக்க விழுந்த குண்டுகளில் தொலைபேசிக் கம்பிகள் அறுந்துபோயின. கரையில் தேடுவிளக்குகள் இருந்தும் ஏற்றச் சொல்லி உத்தரவு வரவில்லை. பின்னால் இருந்த பீரங்கிகளுக்கு உதவி கேட்கும் செய்தி நேரத்தில் போய்ச் சேரவில்லை. இருட்டில் நேருக்கு நேர் சண்டை போட்டு, விடிவதற்குள் அமா கெங், தெங்கா விமானத்தளம் நோக்கி ஆஸ்திரேலியர்கள் பின்வாங்க வேண்டியதாயிற்று.

கிராஞ்சிதான் ஆச்சரியம். அங்கே காவல் காத்தவர்கள் தோற்கவில்லை. உட்லண்ட்ஸ் பக்கத்து எண்ணெய்த் தொட்டிகளிலிருந்து வெளியேறிய எண்ணெய் ஓடைகளிலும் நீரிணையிலும் பரவித் தீப்பிடித்தது. சேற்றில் சிக்கிய அரச காவல் வீரர்கள் பலர் அதில் எரிந்து மாண்டார்கள். அவர்களுடைய தளபதி நிஷிமுரா, இந்தத் தாக்குதலைக் கைவிட அனுமதி கேட்கும் அளவுக்கு நிலைமை போனது. அந்த நேரத்தில்தான் 27ஆம் படைப்பிரிவின் தலைவர் பிரிகேடியர் டங்கன் மேக்ஸ்வெல் தன் ஆட்களைப் பின்னுக்கு இழுத்தார். சரிம்பூன் பக்கம் உடைந்ததால் தன் படை துண்டிக்கப்பட்டுவிடும் என்பது அவர் பயம். இந்த மேக்ஸ்வெல் தொழிலால் மருத்துவர் என்பது பலருக்குத் தெரியாது. அவர் விலகியதும் பாலத்தின் தென்முனைக்குக் காவல் இல்லாமல் போயிற்று. உடைந்த பாலத்தை ஜப்பானியர் சில நாட்களில் செப்பனிட்டார்கள். பூங்காவின் பலகையைப் படித்துவிட்டு இதை யோசிக்காமல் மீன்பிடிக்கிறவர்களை வேடிக்கை பார்த்துத் திரும்பினால் நட்டம்தான்.

இன்னொரு குழப்பம், கிராஞ்சி போர் நினைவிடத்தையும் கிராஞ்சி கடற்கரைப் பலகையையும் ஒன்றாக்கிக்கொள்வது. நினைவிடம் கிராஞ்சி எம்ஆர்டி ரயில் நிலையத்திலிருந்து நடந்து போகும் தூரத்தில், குன்றின்மேல் இருக்கும் கல்லறைத் தோட்டம். சண்டை நடந்த கரை அதுவல்ல. அங்கே நிற்கும் தூண்களில், கல்லறை தெரியாத 24,000 பேருக்கு மேற்பட்டவர்களின் பெயர்கள் பொறிக்கப்பட்டிருக்கின்றன. ஒரு பெயரைத் தேடிப் போகிறவர்கள் ரெஜிமெண்ட் பெயர் தெரியாமல் போனால் வெயிலில் தவிக்க வேண்டியதுதான். பெயர்கள் படைப்பிரிவு வாரியாகவே அடுக்கப்பட்டுள்ளன. காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் இணையப் பதிவேட்டில் முதலில் தேடி, தூண் எண்ணைக் குறித்துக்கொண்டு போங்கள். இந்தியப் பெயர்களின் ஆங்கில எழுத்துக்கூட்டல் விதவிதமாக இருக்கும், இரண்டு மூன்று வகையில் தட்டிப் பார்க்க வேண்டும். தங்கள் மத வழக்கப்படி எரியூட்டப்பட்ட வீரர்களுக்குத் தனியாக ஒரு தகன நினைவுச் சின்னமும் உண்டு. அதில் பெரும்பாலோர் இந்தியர்கள். பலர் அதைக் கவனிக்காமலே வந்துவிடுகிறார்கள். ஜப்பானியர் போட்ட சயாம் ரயில் பாதையில் மடிந்த மலாயாத் தோட்டத் தமிழர்களின் பெயர்களை மட்டும் இங்கே தேட வேண்டாம். இது படையினருக்கான இடம்.

தமிழ்நாட்டிலிருந்து வருகிறவர்கள் சிலர், இந்திய வீரர்கள் என்றாலே நேதாஜியின் ஆட்கள் என்று நினைத்துக்கொள்கிறார்கள். சிங்கப்பூரைக் காக்க நின்ற படைகளிலும் இந்தியப் பிரிவுகள் இருந்தன. பாலத்துக்குக் கிழக்கே 11ஆம் இந்திய டிவிஷன், 22ஆம் படைப்பிரிவுக்குத் தெற்கே 44ஆம் இந்தியப் படைப்பிரிவு. பிப்ரவரி 15 அன்று சரணடைந்த பிறகு, 17ஆம் தேதி ஃபேரர் பார்க் மைதானத்தில் போர்க்கைதிகளாகத் திரட்டப்பட்டவர்களிலிருந்துதான் இந்திய தேசிய ராணுவம் உருவாகத் தொடங்கியது. அதில் சேராமல் சிறையிலேயே இருந்தவர்களும் உண்டு. அந்த ராணுவத்துக்கான பலகை எஸ்பிளனேட் பூங்காவில் இருக்கிறது, வடமேற்கில் இல்லை.

நடைமுறைக்கு வருவோம். லிம் சூ காங் வட்டாரத்தில் ராணுவப் பகுதிகள் அதிகம். துப்பாக்கி ஏந்திய காவலாளி படம் போட்ட சிவப்புப் பலகையைப் பார்த்தால் கேமராவைப் பைக்குள் வைத்துவிடுங்கள், வேலி ஓரமாகச் சந்து தேடாதீர்கள். தெங்கா விமானத்தளம் பக்கத்திலேயே இருப்பதால் டிரோனை வீட்டிலேயே விட்டுவருவது நல்லது. சேற்றுக் கரையில் பழைய தோட்டா, இரும்பு ஏதாவது கண்ணில் பட்டால் கை வைக்காமல் போலீசுக்குச் சொல்லுங்கள். 2023 செப்டம்பரில் அப்பர் புக்கிட் தீமாவில் கட்டுமான இடத்தில் கிடைத்த 100 கிலோ போர்க்கால வெடிகுண்டை, சுற்றுவட்டாரக் குடியிருப்பாளர்களை வெளியேற்றிவிட்டுத்தான் வெடிக்க வைத்தார்கள். எண்பது ஆண்டு ஆனாலும் வெடிமருந்து வெடிமருந்துதான். பக்கத்து சுங்கை பூலோ சதுப்புநிலத்தில் முதலைகள் உண்டு, நீர் விளிம்பில் பிள்ளைகளை விடாதீர்கள். பேருந்துகள் இடைவெளி விட்டுத்தான் வரும், தடங்களும் மாறுகின்றன. கிளம்பும் முன் செயலியில் பாருங்கள். குடிக்கத் தண்ணீர் கட்டாயம், கடைகள் அருகில் இல்லை.

பெரும்பாலோர் ஃபோர்டு ஆலையில் தொடங்கிக் கரைக்கு வருகிறார்கள். அந்த வரிசையைத் திருப்பிப் போடுங்கள். காலையில் சரிம்பூன், அடுத்து கிராஞ்சிப் பூங்கா, பிறகு நினைவிடம், மாலைக்குள் புக்கிட் தீமா வழியாக ஃபோர்டு ஆலை. கார் இருந்தால் ஒரே நாளில் முடியும். படைகள் தெற்கே நகர்ந்த திசையும் ஏறத்தாழ அதுதான். பெர்சிவல் சரணடைந்து கையெழுத்திட்ட அறை அந்த ஆலையில்தான் இருக்கிறது.